அடையாள வழங்கிகளை எப்போது மாற்றப் போகிறோம்?

2024 ஜூன் 30ஆம் தேதி சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்தின் ஆயுள் முடிந்தது. அதே நாளில் ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7க்கான வழக்கமான பராமரிப்பும் நின்றது. 2025 மே மாதம் 10ஆம் பதிப்பே வெளிவந்துவிட்டது. ஆனாலும், கணினித் துறையில் இருக்கும் நான் 7ஆம் பதிப்பில் ஓடும் சர்வர்களை, அதாவது வழங்கிகளை, இன்றும் பார்க்கிறேன். அவற்றில் சில, அடையாள நிர்வாக வழங்கிகள் என்பதுதான் கவலைக்குரியது.

ஓர் ஊழியரோ மாணவரோ கடவுச்சொல்லைத் தட்டியதும், 'இவர் யார், எதையெல்லாம் திறக்க இவருக்கு அனுமதி உண்டு' என்று முடிவு செய்வது இந்த வழங்கிதான். லினக்ஸ் உலகில் இதற்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள் ஃப்ரீஐபிஏ. பயனர் பட்டியல், கெர்பரோஸ் நுழைவுச்சோதனை, மின்சான்றிதழ் ஆகிய மூன்றையும் அது ஒரே இடத்தில் கவனிக்கிறது.

அது நின்றால் அலுவலகமே நின்றுவிடும். அதனால்தான் பல நிர்வாகங்கள், "நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் தொடவேண்டும்?" என்று தள்ளிப்போடுகின்றன. என் கருத்து இதற்கு நேர்மாறானது. எல்லாச் சாவிகளும் இருக்கும் பெட்டிக்குத்தான் முதலில் புதுப் பூட்டு வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத வழங்கியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

மற்ற லினக்ஸ் வழங்கிகளை இருந்த இடத்திலேயே புதிய பதிப்புக்கு உயர்த்தலாம். அடையாள வழங்கிக்கு ரெட்ஹாட் அந்த வழியை அனுமதிப்பதில்லை. புதிய பதிப்பில் இன்னொரு வழங்கியை அமைத்து, பழையதன் நகலாக இணைக்க வேண்டும். தகவல்கள் முழுமையாக வந்து சேர்ந்த பிறகு பொறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பழையதற்குக் கடைசியாகத்தான் ஓய்வு. முறையாகச் செய்தால் பயனர்களுக்கு மாற்றமே தெரியாது.

இதில் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 7இலிருந்து நேராக 9க்குத் தாவ முடியாது. 8ஐக் கடந்துதான் போகவேண்டும். ஒருமுறை தள்ளிப்போட்டவர்களுக்கு அடுத்த முறை இரண்டு மடங்கு வேலை.

அவசரத்துக்கும் விலை உண்டு. பல வழங்கிகள் இருந்தாலும் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவற்றில் ஒன்றிடம் மட்டுமே இருக்கும். அதை மாற்றாமல் பழைய வழங்கியை அகற்றினால் அன்று எதுவும் கெடாது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழ்கள் காலாவதியாகும் நாளில்தான் நுழைவுச் சேவை தடுமாறும். மாற்றியவர் அப்போது வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அதேபோல், பயனர் எண்களுக்கான ஒதுக்கீடு புதிய வழங்கிக்கு வந்துவிட்டதா என்று பார்க்காவிட்டால், பிறகு புதிய பயனர் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாமல் போகலாம். ஒரு சோதனைப் பயனரைச் சேர்த்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. முக்கியத் தகவல் கட்டமைப்பை நடத்தும் அமைப்புகள் ஆண்டுதோறும் அபாய மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் செய்தாக வேண்டும். ஆயுள் முடிந்த இயங்குதளத்தை இனியும் மூலையில் மறைத்து வைப்பது எளிதல்ல.

தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் இலவசம். நினைவகம் போதுமான ஒரு கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை அமைத்து, 8இலிருந்து 9க்கு இந்த மாற்றத்தை வீட்டிலேயே செய்து பாருங்கள். எங்கே தடைபடுகிறது என்று குறித்து வையுங்கள். ரெட்ஹாட் 8இன் பராமரிப்பு 2029 மே மாதம் முடிகிறது. அதற்குள் இந்த வேலையைக் கையால் செய்து பழகியவர்களைத் தேடி நிறுவனங்கள் வரத்தான் வேண்டும்.