பாலை நிறுக்கிறோம், பிள்ளையை?

தோட்டத்து ஸ்டோரில் நாள்தோறும் நடப்பதைத் தொழிலாளர் அனைவரும் அறிவர். வெட்டிக் கொண்டுவந்த பால் தராசில் ஏறுகிறது. எடையை எழுதியதோடு கணக்கு முடிவதில்லை. அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதித்த பிறகே கிராணி புத்தகத்தில் பதிகிறார். ஒரு வாளிப் பாலுக்கு இத்தனை கவனம்! அந்தப் பாலை வெட்டியவளின் பிள்ளை நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், அதற்கு இந்தக் கவனம் கிடைக்கிறதா?

வார்டில் பிள்ளையை நிறுக்காமல் இல்லை. மருந்தின் அளவைக் கணக்கிட எடை வேண்டும், ஆகவே நிறுக்கிறார்கள். அதே எடையைப் பிள்ளையின் உயரத்தோடும் வயதோடும் ஒப்பிட்டால் அன்றோ, அது ஊட்டமின்றி வாடுகிறதா என்பது தெரியும்? அந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் விடுவதே நம் கவலை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் வார்டில் இருந்து வீடு திரும்பியது. சீட்டில் வயிற்றுப்போக்கு என்று மட்டும் எழுதியிருந்தது. ஆறு வாரத்தில் நெஞ்சுச் சளியோடு மீண்டும் வார்டு. இம்முறை ஒரு தாதி பிள்ளையின் மேற்கையில் நாடாவைச் சுற்றினார். அளவு 11.2 சென்டிமீட்டர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைக்கு 11.5-க்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டக்குறைவு என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. முதல் தடவையே அந்த நாடாவைச் சுற்றியிருந்தால்? இரண்டாம் வேதனையும், தாய் இழந்த பேரும் சம்பளமும் மிஞ்சியிருக்கலாம் அல்லவா?

ஊட்டமில்லாத உடலை நோய் எளிதில் பற்றும். பற்றிய நோய் இருக்கிற ஊட்டத்தையும் உறிஞ்சும். இந்தச் சுழலை மருந்து மட்டும் அறுக்காது. சில பிள்ளைகளுக்குக் காலில் நீர் கோத்து வீங்கும். தண்ணீர் கலந்த பால் தராசை ஏமாற்றுவதுபோல, அந்த வீக்கமும் எடையை ஏமாற்றும். ஆகவே தராசோடு கண்ணும் கையும் வேண்டும்.

இது புதிய அறிவன்று. ஆப்பிரிக்காவில் இந்த வீக்க நோயை 1930-களில் விளக்கி எழுதிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், பின்னர் சிங்கப்பூரில் பணியாற்றினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பாலை விற்பவர்களை 1939-ல் அந்நகர ரோட்டரி மன்றத்திலேயே கொலைக் குற்றம் சாட்டிப் பேசினார். அத்தனை ஆண்டு கடந்தும், 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர்.

செலவு அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஹாலந்து நாட்டார் 2010-ல் வெளியிட்ட முறையில் கேள்விகள் நான்குதான்: பிள்ளை பார்வைக்கு மெலிந்திருக்கிறதா? ஊட்டத்தைக் கெடுக்கும் பெரிய நோய் உண்டா? சாப்பாடு குறைந்ததா, வாந்தியோ வயிற்றுப்போக்கோ உண்டா? எடை இறங்கியதா, ஏறாமல் நின்றதா? இவற்றைக் கேட்க இயந்திரம் வேண்டாம். சில நிமிடம் போதும்.

வேலைப்பளுவில் தவிக்கும் தாதியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாயைப் பழிப்பதும் தகாது. விடியுமுன் வெட்டுக்குப் போகிறவள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுத்தான் போகவேண்டும். நாம் கேட்பது ஒழுங்குமுறை. வார்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தச் சோதனை நடக்கவேண்டும். முடிவைச் சீட்டில் எழுதி, ஊர்க் கிளினிக்குக்கு அனுப்பவேண்டும். எடை குறைந்த வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவுக் கூடை வழங்கும் அரசாங்கத் திட்டம் 1989 முதல் உண்டு. பதிவில்லாத பிள்ளைக்கு அந்தக் கூடை எப்படி வந்து சேரும்?

தோட்ட நிர்வாகங்களும் ஆயாக் கொட்டகையில் ஒரு தராசும் ஒரு நாடாவும் வைத்து மாதந்தோறும் அளக்கட்டும். கிளைச் செயலாளர்கள் இதை அடுத்த பேச்சுவார்த்தையிலேயே எழுப்பவேண்டும்.

தோழர்களே! பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுகாதாரப் புத்தகத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். “என் பிள்ளையின் எடை வயதுக்கும் உயரத்துக்கும் சரியா?” என்று கேளுங்கள். அது தயவு கேட்பதாகாது, உரிமை கேட்பது. விடை எழுத்தில் கிடைக்கும்வரை கேளுங்கள்.