ஆண்டவர் படகேறிய ஏரியில் பாசி



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கலிலேயாக் கடலின் கரையோர நீர் ஆங்காங்கே செந்நிறமாக மாறியது. அதன் படங்கள் சில நாள்களுக்குள் உலகெங்கும் பரவின. மோசேயின் காலத்தில் நைல் நதி இரத்தமாக மாறிய நிகழ்ச்சியை இத்துடன் இணைத்து, இறைவனின் தண்டனை வந்துவிட்டது என்றும், உலக முடிவு நெருங்கிவிட்டது என்றும் பேசியவர்கள் பலர். இஸ்ரயேல் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகமோ எளிய விளக்கம் ஒன்றைத் தந்தது. பொட்ரியோகாக்கஸ் பிரௌனி என்னும் ஒருவகைப் பச்சைப் பாசி அந்நீரில் பெருகியிருந்தது. கடும் வெயிலில் அது தன்னுள் ஒரு சிவப்பு நிறப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. அதனால் நீர் சிவந்து தோன்றியது. நீராடுவோருக்கு அதனால் தீங்கு இல்லை. இவ்வளவே செய்தி.

அடையாளங்களைத் தேடி அலைவது இயேசு பெருமான் தம் காலத்தவரிடம் கண்டு கடிந்துரைத்த குறையாகும். எனவே சிவந்த நீரைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் இதனை அப்படியே ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை. ஒரு நீர்நிலையில் பாசி பெருகுவது இறுதி நாளின் அடையாளம் அன்று. ஆனால் மனிதர் அந்நீரை எவ்வாறு நடத்தினர் என்பதற்கு அது பல வேளைகளில் அடையாளமாகும். அதுவும் நம் ஆண்டவர் படகேறிய, அலையை அடக்கிய, கரையில் மீன் சுட்டுச் சீடர்களுக்கு விருந்தளித்த ஏரியிலேயே இது நிகழும்போது, அதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு நன்மை தரும்.

கடல் என்று நாம் வழங்கினாலும் அது நன்னீர் ஏரியே. நற்செய்தி நூல்கள் அதனைக் கெனசரேத்து ஏரி என்றும் திபேரியாக் கடல் என்றும் குறிப்பிடுகின்றன. யூதர் கினெரெத் என்பர். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், மிகுந்த ஆழம் 43 மீட்டர் அளவு. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே அமைந்திருப்பதால், உலகின் நன்னீர் ஏரிகளுள் இதைவிடத் தாழ்ந்தது வேறொன்றில்லை. யோர்தான் ஆறு வடக்கே உட்புகுந்து தெற்கே வெளியேறுகிறது. 1964 முதல் இவ்வேரி நீர் பெருங்குழாய்கள், கால்வாய்கள் வழியே வறண்ட தென்பகுதி நோக்கிக் கொண்டு செல்லப்பட்டது. கோடை விடுமுறையில் உள்நாட்டுக் குடும்பங்கள் கரை நெடுகக் கூடாரமிட்டுத் தங்கி நீராடுகின்றன. திருப்பயணிகள் மரப்படகில் நடு ஏரிக்குச் சென்று நற்செய்தி வாசித்துச் செபிக்கின்றனர். குடிநீர், மீன்பிடிப்பு, நீராட்டு, செபம் ஆகிய நான்கையும் ஒரே நீர் தாங்குகிறது.

பாசி தன்னளவில் தீயதன்று. அதுவும் இறைவன் படைப்பே. நீர்வாழ் உயிர்களின் உணவுக்கு அதுவே அடிப்படை. பெரிடினியம் என்னும் நுண்பாசி இவ்வேரியில் இளவேனிற் காலந்தோறும் பெருகி நீரைப் பழுப்பு நிறமாக்குவது நெடுங்காலமாக இருந்து வந்த வழக்கம். புனித பேதுருவின் மீன் என்று அங்கே பெயர் பெற்ற மீன் அதனை உண்டு வளரும். நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டைக்கு அது நெருங்கிய உறவு. பாசியை மீன் உண்ண, மீனை மனிதன் உண்ண, எல்லாம் தத்தம் அளவில் நின்றன.

அளவு மீறும்போதுதான் கேடு தொடங்குகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டால் வயலில் பயிர் செழிக்கும் என்பதை உழவர் அறிவர். அதே சத்துகள் நீரில் இறங்கினால் அங்கே செழிப்பது பாசி. வயலில் இட்ட உரம், வீட்டுக் கழிவுநீர், கால்நடைச் சாணம், சலவைத்தூள் கரைந்த நீர் ஆகிய யாவும் இச்சத்துகளைச் சுமந்து சென்று ஏரியில் சேர்க்கின்றன. மிகுதியாக வளர்ந்த பாசி விரைவில் மடிந்து அடியில் படிந்து அழுகுகிறது. அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை அது தீர்த்துவிடுகிறது. கோடையில் மேல்நீர் சூடேறி மேலேயே நிற்க, குளிர்ந்த அடிநீர் கனத்துக் கீழே தங்குகிறது. இரண்டும் கலவாமையால் அடியில் மீன் வாழ இயலாத நிலை உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயுவும் சேர்கிறது. அந்நிலையில் அடிமண்ணில் முன்பு படிந்திருந்த மணிச்சத்து மறுபடியும் நீரில் கரைகிறது. குளிர்காலத்தில் மேல்நீரும் அடிநீரும் கலக்கும்போது அது மேலெழுந்து அடுத்த பருவத்துப் பாசிக்கு உணவாகிறது.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று கழிவை நிறுத்தினாலும், பல ஆண்டுகளுக்கு முன் விட்ட கழிவு இன்னமும் அடியிலிருந்து வேலை செய்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டாலும், அப்பாவத்தால் பிறருக்கு நேர்ந்த இழப்பை ஈடு செய்யும் கடமை நீங்குவதில்லை என்று மறைக்கல்வியில் நாம் படித்திருக்கிறோம் அன்றோ? ஏரிக்கும் அதே நியதிதான்.

கலிலேயாக் கடலுக்கு நேர்ந்த பெரும் மாற்றங்களுள் ஒன்று நல்லெண்ணத்திலிருந்தே தொடங்கியது. ஏரிக்கு வடக்கே ஹூலா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே யோர்தான் ஆறு நாணற்காடுகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் பரந்து, மெதுவாக ஊறி, பின்னரே தெற்கே இறங்கும். மலேரியாக் காய்ச்சலை ஒழிக்கவும் புதிய விளைநிலம் பெறவும் 1951 முதல் 1958 வரை அச்சதுப்பு நிலத்தை வடித்து உலர்த்தினார்கள். நோயை ஒழிக்க நினைத்ததும், பசித்தோருக்கு நிலம் தேடியதும் குற்றமாகா. ஆனால் அச்சதுப்பு நிலம் அதுவரை ஏரிக்குச் சிறுநீரகம் போல் பணி செய்து வந்ததை அக்காலத்தில் உணர்ந்தவர் சிலரே. உலர்ந்தபின், பல நூற்றாண்டுகளாக மக்கிய தாவரங்களால் ஆன அந்த மண் காற்றுப் பட்டுச் சிதைந்தது, சில இடங்களில் மண்ணுக்கடியிலேயே தீப்பற்றியது, நிலமட்டம் தாழ்ந்தது. அம்மண்ணிலிருந்து விடுபட்ட தழைச்சத்தைக் குளிர்கால மழை வாரிக்கொண்டு யோர்தான் வழியே ஏரியில் சேர்த்தது. இறுதியில் 1994-ஆம் ஆண்டு அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் மீண்டும் நீர் நிரப்பிச் சிற்றேரி ஒன்றை உருவாக்கினார்கள். இன்று வலசை வரும் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே தங்குகின்றன.

அதே 1994-ஆம் ஆண்டில்தான் கலிலேயாக் கடலில் முன்பு கண்டிராத அளவில் ஒரு நீலப்பச்சைப் பாசி பெருகியது. இவ்வகைப் பாசிகளுள் சில, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நச்சுப் பொருளை உண்டாக்குபவை. அவ்வாண்டு பெருகியதும் அத்தகையதே. அதன்பின் பெரிடினியம் முன்போல் ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. நீரில் சேரும் சத்துகளின் விகிதம் மாறியது. வறட்சியாலும் மிகுதியாக இறைத்ததாலும் நீர்மட்டம் ஏறி இறங்கியது. 2001-ஆம் ஆண்டு இறுதியில் அது கடல் மட்டத்துக்கு 214.87 மீட்டர் கீழே சென்றது. நீர் தாழ்ந்ததால் நன்மையும் ஒன்று விளைந்தது: 1986-ஆம் ஆண்டு வறட்சியில் வெளிப்பட்ட சேற்றிலிருந்தே, ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய, 8 மீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுள்ள மீன்பிடி படகு ஒன்று கிடைத்தது.

ஏரியைக் காக்க எடுத்த முயற்சிகளையும் சொல்லுதல் நேர்மை. 1968 முதல் ஏரிக்கரையில் ஓர் ஆய்வுக்கூடம் இந்நீரை இடைவிடாது சோதித்து வருகிறது. கரையிலுள்ள ஊர்களின் கழிவுநீர் ஏரியில் விழாதபடி தடுக்கப்பட்டது. உப்பு ஊற்றுகள் தனிக் கால்வாயில் திருப்பப்பட்டன. கடல்நீரைக் குடிநீராக்கி, அதில் ஒரு பங்கை ஏரிக்கே அனுப்பும் திட்டத்துக்கு 2018-இல் இசைவு கிடைத்தது. ஏரியிலிருந்து எடுத்தே பழகியவர்கள் ஏரிக்குத் திருப்பிக் கொடுக்கத் துணிந்தது போற்றத்தக்கது.

ஆனால் ஒன்று நம் மனத்தை வருத்துகிறது. ஏரியில் விழாமல் தடுத்த உப்புநீரும், அரைகுறையாகத் தூய்மை செய்த கழிவுநீரும் பல ஆண்டுகளாக எங்கே விடப்பட்டன? ஏரிக்குத் தெற்கே, அணைக்குக் கீழே, யோர்தான் ஆற்றில் விடப்பட்டன. ஏரியைக் காப்பாற்ற ஆறு பலியாயிற்று. எரிகோவுக்கு அருகே, ஆண்டவர் திருமுழுக்குப் பெற்றதாக மரபு கூறும் இடத்தில் நீராட்டை நிறுத்த வேண்டும் என்று 2010-இல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கேட்குமளவுக்கு அது சென்றது. தன் வீட்டுக் குப்பையைக் கூட்டி அண்டை வீட்டு வாயிலில் தள்ளுவது துப்புரவு ஆகாது. கீழ்மடையில் வாழ்பவனும் நம் அயலான் என்பதை நல்ல சமாரியர் உவமை நமக்குக் கற்பிக்கவில்லையா?

இதில் நம்மவருக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 2011-இல் தமிழக அரசு எருசலேம் திருப்பயணத்துக்கு நிதியுதவி அறிவித்தது முதல், எளிய குடும்பத்தினரும் அந்நாட்டைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். 2023 அக்டோபரில் மூண்ட போர் அப்பயணங்களைக் குறைத்தது. அமைதி நிலைத்து வழி திறக்க வேண்டும் என்பதே நம் செபம். செல்வோர் ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் சிறு புட்டிகளில் நீர் கொண்டு வந்து உறவினருக்கு அளிக்கிறார்கள். அது பக்தியின் வெளிப்பாடு, அதனைப் பழிக்கமாட்டோம். ஆனால் அந்நீரை நோயாளிக்கும் குழந்தைக்கும் குடிக்கக் கொடுத்தல் வேண்டாம். காய்ச்சினால் போதும் என்று எண்ணுதலும் தவறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; பாசியின் நஞ்சு அழியாது. அந்நீரை நினைவுப் பொருளாக வைத்துப் போற்றுங்கள். குடிப்பதற்கு நம் வீட்டுத் தூய நீரே போதும். அதுவும் இறைவன் தந்ததே.

நம் மறைக்கல்வி மாணவரும் பக்த சபையினரும் கோடையில் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா செல்கின்றனர். அங்குள்ள ஏரிகள் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியர் முயன்று அமைத்தவை. நகரம் வளர, அதன் கழிவு நீண்ட காலம் அவ்வேரிகளையும் வந்தடைந்தது. படகுச் சவாரி செய்யுங்கள், அதில் தவறில்லை. ஆனால் நீரின்மேல் பச்சை வண்ணம் கொட்டியது போல ஏடு படர்ந்திருந்தால் எந்த ஏரியிலும் இறங்காதீர்கள். குழந்தைகள் குளிக்கும்போது தம்மையறியாமல் நீரை விழுங்குவர். அவர்களே முதலில் பாதிக்கப்படுவர். பட்டுவிட்டால் நல்ல நீரில் உடனே உடலைக் கழுவுங்கள். ஏட்டைத் தின்னவும் குடிக்கவும் நாயையும் மாட்டையும் விடாதீர்கள். எஞ்சிய சோற்றையும் இலையையும் கரையில் எறிந்து வராதீர்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், தூய குடிநீர் பெறுவது ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று வலியுறுத்தினார். உரிமை ஒருவருக்கு உண்டென்றால் கடமை மற்றொருவருக்கு உண்டு. அக்கடமை நம் வீட்டு அங்கணத்தில் தொடங்குகிறது. சலவைத்தூளை அளவோடு இடுங்கள். கழிவறைத் தொட்டி கிணற்றுக்கோ குளத்துக்கோ கசிகின்றதா என்று பாருங்கள். உழவர் குடும்பங்கள் மழைக்கு முந்திய நாளில் உரம் தூவாதிருக்கட்டும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே புல்வரப்பு ஒன்றை விட்டு வைக்கட்டும். ஓடிவரும் சத்தை அப்புல் தடுத்து நிறுத்தும். கோவில் திருவிழா விருந்தின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பதைப் பங்குப் பேரவையினர் அடுத்த கூட்டத்தில் ஆராயட்டும்.

இம்மாதம் ஒரு நாள் மாலைச் செபம் முடிந்தபின், குடும்பத் தலைவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தம் வீட்டில் ஊற்றும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இறுதி வரை நடந்து பார்த்து வரட்டும். அதன் முடிவில் ஒரு குளமோ ஓடையோ இருக்கும். அதைக் குடிப்பவரும் அதில் குளிப்பவரும் இருப்பர். அவர்களும் நாம் அன்பு செய்யுமாறு ஆண்டவர் கட்டளையிட்ட அயலாரே.