ரெட்டைக் கன்றை மறைத்து விற்காதீர்கள்

என் பழைய மாணவர்களே, சொந்தங்களே, இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். மாடு ரெட்டைக் கன்று ஈன்றிருக்கிறது, ஒன்று காளை, ஒன்று கிடாரி. "மகாலட்சுமி வந்துவிட்டாள்" என்று ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். போன மாதம் ஒரு பையன் என்னிடம் வந்து அழுதிருக்காவிட்டால் நானும் கும்பிட்டிருப்பேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவன், என்னிடம் ஐந்தாவது படித்தவன். தறி ஓடாத நாளில் கைச்செலவுக்கு ஆகும் என்று கடன் வாங்கி, தரகர் காட்டிய கிடாரிக் கன்றை வாங்கினான். தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் கொடுத்து இரண்டரை வருஷம் வளர்த்தான். ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. கடைசியில் டாக்டர் சோதித்துவிட்டு, "காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்ததா?" என்று கேட்டாராம். விசாரித்தால், ஆமாம்! விற்றவருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். அதற்குள் வீட்டில் என்ன பேச்சு தெரியுமா? "மருமகள் வந்த நேரம், மாடும் மலடாகிவிட்டது." கல்யாணமாகி நான்கு வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிற பெண் அவள்.

யாருடைய நேரமும் இல்லை. தாய் வயிற்றில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடாரிக்குள் போய், அதன் கருப்பையும் சினைப்பையும் சரியாக வளராமல் தடுத்துவிடும். இப்படிப் பிறக்கும் 100 கிடாரிகளில் 90-க்கு மேல் சினை பிடிக்காது. (இரண்டும் கிடாரி என்றால் இந்தக் கோளாறு இல்லை.) லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1779-லேயே இந்த மாடுகளைப் பற்றி எழுதிவிட்டார். நாம் இன்னும் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தாய் மாட்டுக்கும் இது கொண்டாட்டம் இல்லை. ரெட்டை ஈற்றில் நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது அதிகம். கருப்பையில் சீழ் பிடித்தால் அடுத்த சினை தள்ளிப்போகும். 12 மணி நேரத்தில் விழவில்லையென்றால் கையை விட்டு இழுக்காதீர்கள், 1962-க்குப் போன் போடுங்கள். போட்டோ அப்புறம் எடுக்கலாம்.

சரிகையை உரசிப் பார்க்காமல் சேலைக்கு விலை பேசாத ஊர் இது. கன்று வாங்கும்போது "கூடப் பிறந்தது உண்டா?" என்று கேட்க மட்டும் வாய் வராதா? தெரிந்தும் சொல்லாமல் விற்பது, போலிச் சரிகையை அசல் என்று விற்பதற்குச் சமம். என் மாணவரே செய்தாலும் அதைத் திருட்டு என்றுதான் சொல்வேன். முதல் மாதத்திலேயே டாக்டர் மழுங்கிய குழாய் ஒன்றை விட்டு அளந்து பார்த்துவிடலாம். இந்தக் கிடாரிகளுக்குப் பிறப்புப் பாதை ஏறக்குறைய பாதி நீளம்தான் இருக்கும். இரண்டரை வருஷத் தீவனம் மிச்சம்.

படம் போட்ட மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. அந்தக் கிடாரிக்கு நேற்றே விலை பேசிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வாங்க வருகிறவரிடம் கூடப் பிறந்த காளையையும் காட்டுங்கள்.