பஞ்சாங்கம் சொல்லாத குறிப்புகள்

பூந்தமல்லியிலாகட்டும், ஆவடியிலாகட்டும், எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தேதிக் காலண்டர் தொங்குகிறது. ஏழை வீட்டில் வேறு புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, இந்தக் காலண்டர் கட்டாயம் இருக்கிறது. அது தினந்தவறாமல் நமக்குச் சொல்லும் சமாசாரம் என்ன? ராகு காலம் எத்தனை மணிக்கு, எமகண்டம் எத்தனை மணிக்கு, எந்தத் திக்கில் சூலம், அதற்கு என்ன பரிகாரம் என்பவையே. வெள்ளிக்கிழமையானால் மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம் என்று அச்சடித்திருக்கிறது. அம்பத்தூரிலிருந்து மேற்கே ஆவடிக்கு வெள்ளிக்கிழமையிலும்தான் ஜனங்கள் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். அவர்களெல்லாம் வெல்லம் தின்றுவிட்டா வண்டி ஏறுகிறார்கள்? தின்னாமல் போனவர் யாராவது அந்தச் சூலத்தில் குத்துப்பட்டுத் திரும்பியதாக இதுவரை கேள்விப்பட்டதுண்டா?

இப்போது இந்தக் காலண்டருக்கு ஒரு தம்பியும் பிறந்திருக்கிறான். அவன்தான் கைப்பேசி. பொழுது விடிந்தால் பத்துக் குறிப்பு வந்து விழுகிறது. இதைத் தின்றால் சர்க்கரை வியாதி போகும், அதைத் தடவினால் புற்றுநோய் தீரும் என்று எழுதி, கடைசியில் “எல்லோருக்கும் அனுப்புங்கள், ஓர் உயிர் பிழைக்கும்” என்று ஒரு வரி. சொன்னவன் யார் என்று தெரியாது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. முன்பு ரிஷி சொன்னார் என்றார்கள். இப்போது ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னார்’ என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம்.

நிற்க. பிறரைக் கேலி செய்வது சுலபம். ஆகையால் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தேன். மாலையில் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கூலிக்காரத் தோழரைப் பாம்பு கடித்துவிட்டது. ஊரார் அவரை மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகப் புறப்பட்டார்கள். நான் தடுத்தேன். மந்திரம் பொய், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவ்வளவு வரைக்கும் சரிதான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்த ஞாபகத்தில், என் துண்டை முறுக்கி அவர் கணுக்காலுக்கு மேல் பலங்கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டினேன். வழியெல்லாம் அவர், “அண்ணே, காலு வெடிச்சிடும் போல இருக்குது, கொஞ்சம் தளர்த்துங்கண்ணே” என்று கெஞ்சினார். “பல்லைக் கடிச்சுக்கோ தம்பி, விஷம் ஏறிடும்” என்று நான் அதட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்தார். “எந்த மந்திரவாதி கட்டினான் இதை?” என்று கேட்டார். “நான்தான் ஐயா” என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

தோழர் பிழைத்தார். ஆனால் பாதம் புண்ணாகி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. விஷமும் கட்டும் சேர்ந்து செய்த வேலை அது என்றார் டாக்டர். கண்ணாடி விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே கெடுக்கிறது. இறுகக் கட்டினால் அவ்விடத்துக்கு இரத்த ஓட்டமும் நின்று, சதை இன்னும் சீக்கிரம் அழுகுகிறது. இந்தக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தால் நான் கட்டியிருப்பேனா? எனக்குக் குறிப்பு மாத்திரம் தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திருக்கவில்லை. ஆகவே மந்திரவாதி உதட்டால் செய்ததை நான் துண்டால் செய்தேன். காரணம் தெரியாமல் கையாளுகிற குறிப்பு எதுவாயிருந்தாலும், அது விஞ்ஞானப் புத்தகத்திலிருந்தே வந்தாலும், நம் கையில் அது மந்திரந்தான். இதைத்தான் நான் அந்தத் தோழரின் இரண்டு விரல்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

“அப்படியானால் உங்கள் விஞ்ஞானமும் தப்புத்தானே?” என்று பக்திமான்கள் கேட்கலாம். ஆம், கயிறு கட்டு, கத்தியால் கீறு, வாயால் உறிஞ்சு என்று ஒரு காலத்தில் முதலுதவிப் புத்தகங்களே சொல்லின. பிறகு சோதித்துப் பார்த்தார்கள், தப்பென்று கண்டார்கள், புத்தகத்தைத் திருத்தினார்கள். பஞ்சாங்கம் என்றைக்காவது, “சென்ற வருஷம் நாம் சொன்ன சூலம் தவறு, வாசகர்கள் மன்னிக்கவும்” என்று ஒரு வரி போட்டதுண்டா? தப்பே செய்யாததால் திருத்தவில்லையா, அல்லது சரிபார்க்க எவரும் இல்லாததால் திருத்தவில்லையா? யோசித்துப் பாருங்கள்.

மந்திரம் பலித்ததாகச் சொல்லும் கதைகளுக்கும் காரணம் உண்டு. நாட்டில் உள்ள பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப் பாம்பேயானாலும் சில வேளை விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதிக்கிறது. இப்படிக் கடிபட்டவர்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிழைத்தால் பெருமை அவனுக்கு. உண்மையான விஷக்கடியால் செத்தால் பழி விதிக்கு. வரவெல்லாம் தன் கணக்கில், செலவெல்லாம் தலையெழுத்தின் கணக்கில் எழுதுகிற வியாபாரி என்றைக்காவது நஷ்டப்படுவானா?

நமது பக்கத்துத் திருவேற்காட்டுக்கு ‘விடந்தீண்டாப்பதி’ என்று ஒரு பெயர் சொல்லுகிறார்கள். அவ்வூர் எல்லைக்குள் பாம்பு கடித்து எவரும் சாவதில்லை என்பது ஐதீகமாம். பாம்பு ஊர்ப் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டா கடிக்கிறது? அவ்வூர்த் தோழர்கள் இதை நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்கே போவார்கள் என்பது நம் துணிபு. அந்த அறிவை மற்ற விஷயங்களுக்கும் உபயோகிக்கலாம் அல்லவா?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுமே அதிகம். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 நவம்பரில்தான் பாம்புக் கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. அதுவரை ஏழை செத்தால் சரியான கணக்குக்கூட இல்லை.

இனி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டிய மூன்று குறிப்புகளைக் காரணத்தோடு சொல்லுகிறேன்.

முதலாவது, பாம்புக் கடி. கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். கடிபட்ட கை காலை, எலும்பு முறிந்தால் செய்வது போல ஒரு பட்டையோ கழியோ வைத்து, இறுக்காமல் அசையாதபடி கட்டுங்கள். காரணம், தசை அசைய அசைய விஷம் உடம்பில் வேகமாகப் பரவுகிறது. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். அப்புறம் வீங்கினால் கழற்ற முடியாது. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்து நேரத்தைப் போக்காதீர்கள். 108க்குச் சொல்லுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே அந்த ஒரு மருந்து செய்யப்படுகிறது. என் தோழருக்கு டாக்டர் செய்த சோதனை இவ்வளவுதான்: அவர் இரத்தத்தில் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்தார். உறையவில்லை. விரியன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால் அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. இரவில், தூக்கத்தில் கடிக்கும். வலி அதிகம் இராது. பல் தடமும் தெரியாமற் போகலாம். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தானாக மூடிக்கொண்டால், “காற்று கறுப்பு அடித்துவிட்டது” என்று வேப்பிலை தேடாமல் வண்டி தேடுங்கள். கூடுமானவரை கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் பாயின் ஓரத்தில் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டு படுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்துகொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இந்நாட்டு விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்தது. எந்த இருளரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தார்களோ, அந்த இருளர் பிடித்த பாம்பின் விஷத்தால்தான் ஊருக்குள் இருக்கிற உயர்ந்த ஜாதியாரும் பிழைக்கிறார்கள். மருந்து ஏற்றும்போது மாத்திரம் தீட்டு எங்கே போகிறதோ தெரியவில்லை!

இரண்டாவது, நாய்க் கடி. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். காரணம், வெறி நோய்க் கிருமிக்கு மேலே கொழுப்பாலான உறை இருக்கிறது. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எடுப்பதுபோல அந்த உறையைக் கரைத்துக் கிருமியைக் கொல்லுகிறது. கழுவின பிறகு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். ஆழமான காயமானால் காயத்திலேயே போடும் மருந்தும் வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையிலேயே சில ஊசிகள்தான். டாக்டர் சொல்லும் தேதிகளில் ஒன்றையும் விடாதீர்கள். 1885இல் பிரெஞ்சு தேசத்தில் பாஸ்டர் என்பவர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதல் இந்தச் சிகிச்சை செய்தார். நமது குன்னூரிலேயே 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் இன்னும் தாயத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். வெறி நோய்க் குறி கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை மறவாதீர்கள். தாயத்துக்காகக் கழித்த நாள் திரும்பி வராது.

மூன்றாவது, குழந்தைகளின் பேதி. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிட்டு, குடல் ஏறிக்கொண்டது, தொக்கம் விழுந்திருக்கிறது என்று தட்டுகிறவரிடம் தூக்கிப் போகிறார்கள். குழந்தையைக் கொல்லுவது பெரும்பாலும் பேதியல்ல. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதே. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து அடிக்கடி கொடுங்கள். அளவு மீறாதீர்கள், உப்பு அதிகமானால் கெடுதல். சுகாதார நிலையத்தில் இதற்கான பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காரணம், குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளின் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனபோது, திலீப் மகலநாபிஸ் என்னும் டாக்டர் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை வாளி வாளியாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும், கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் பேதிக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அது நல்லதுதான், கஞ்சியிலுள்ள மாவு குடலில் சர்க்கரையாக மாறி அதே வேலையைச் செய்கிறது. பாட்டி சொன்னாள் என்பதற்காக எதையும் கொள்ளவும் வேண்டாம். பாட்டி சொன்னாள் என்பதற்காகவே தள்ளவும் வேண்டாம். காரணம் நின்றால் கொள்ளுங்கள்.

தோழர்களே! இனி எந்தக் குறிப்பு வந்தாலும், அது கோவிலிலிருந்து வந்தாலும், கைப்பேசியில் வந்தாலும், இந்தப் பத்திரிகையிலேயே வந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குக் காரணம் என்ன? இதனால் லாபம் யாருக்கு? தப்பாயிருந்தால் திருத்துகிறவன் யார்? பதில் இல்லாத குறிப்பை அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். நான் எழுதியதில் பிழையிருந்தாலும் காரணம் காட்டி எழுதுங்கள். அடுத்த வாரமே திருத்திக்கொள்ளுவேன்.

அந்தத் தோழர் இன்றைக்கும் அதே வரப்பில்தான் புல் அறுக்கிறார். காலில் செருப்புப் போட்டுக்கொண்டு. என்னைக் கண்டால், “அண்ணே, துண்டு பத்திரம்” என்று சிரிக்கிறார். அவர் சிரிக்கிறார் என்பதற்காக நான் மறந்துவிட முடியாது.