தேனீக்கும் ஆசான் உண்டு

தேனீ நடனமாடுவது இயல்பூக்கத்தினால் என்று ஒரே சொல்லில் கூறி முடித்துவிடுவது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. பூச்சிமருந்து தெளித்த மறுநாள் தேனீப் பெட்டியைத் திறந்து, ராணியும் புழுக்களும் நலமாயிருப்பதைக் கண்டு, இழப்பு சிறிதே என்று குறித்துக்கொள்வது களப்பணியில் வழக்கம். இவ்விரண்டும் ஒரே தவற்றினின்று பிறந்தவை.

அந்நடனத்தின் பொருளை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இருண்ட கூட்டினுள், செங்குத்தான அடையின்மீது, இரை கண்டு மீண்ட தேனீ வயிற்றை ஆட்டியவாறு நேர்கோட்டில் ஓடுகிறது. அக்கோடு மேல்நோக்கிய திசையினின்று எத்தனை பாகை விலகுகிறதோ, அத்தனை பாகை சூரியன் உள்ள திசையினின்று விலகி மலர்கள் இருக்கின்றன. ஓட்டம் நீண்டால் தொலைவும் மிகுதி. நம் நாட்டுக் கொம்புத் தேனீயோ அடையின் மேற்புறத்தில் வெளிச்சத்திலேயே ஆடுவதால், மலருள்ள திசையை நேராகவே சுட்டிவிடும். புதர்களில் மாணவர் இதனைக் கண்ணாரக் காணலாம். சற்று எட்ட நின்று காண்பது நலம்.

சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2023இல் வெளியிட்ட சோதனையொன்று இங்குக் கருதத்தக்கது. முதியவை இல்லாமல் இளந்தேனீக்களை மட்டும் கொண்ட ஐரோப்பியத் தேனீக் கூட்டங்களை அவர்கள் அமைத்தனர். அவையும் ஆடின, ஆனால் திசையிலும் தொலைவிலும் பிழை மலிந்திருந்தது. திசைப் பிழை பழக்கத்தால் குறைந்தது. தொலைவுப் பிழையோ வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. மூத்தவற்றின் ஆட்டத்தை முன்னரே பின்தொடர்ந்து கற்றவற்றிடம் இக்குறை காணப்படவில்லை. ஆகவே ஆடும் ஆற்றல் பிறவியில் வருவதென்றும், அதன் திருத்தம் கல்வியால் வருவதென்றும் ஆசிரியர் சேர்த்தே சொல்லவேண்டும்.

களப்பணியாளருக்கு இதில் பங்கு இன்னும் பெரிது. வேலைக்காரத் தேனீ முதலில் கூட்டினுள் பணிபுரிந்து, வயது முதிர்ந்த பின்னரே வெளியே செல்கிறது. பூத்த கடுகு வயலில் பகலில் மருந்து தெளித்தால் மடிபவை பெரும்பாலும் இம்மூத்தவையே. சோதனையில் அறிந்து செய்ததை வயலில் அறியாமற் செய்வதாக இதனைக் கருத இடமுண்டு. மருந்தே கூடாதென்பது வாதமன்று. பூக்கும் பருவத்தைத் தவிர்க்கலாம். இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலையில் தெளிக்கலாம். தேனீ வளர்ப்போருக்கு முந்திய நாளே அறிவிக்கலாம். தெளிப்பிற்கு முன்னும் பின்னும் பெட்டியின் வாயிலருகே ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வரும் தேனீக்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது, மூடியைத் திறந்து ராணியைத் தேடுவதைவிடப் பயனுள்ளது.