ஓடுகின்ற இயந்திரத்துக்கு மரணச் சான்றிதழ்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவச ஆதரவை நிறுத்திக்கொண்டது. அன்றைய தினம் அதன் காரணமாக உலகில் ஒரு கணினிகூடப் பழுதடையவில்லை. 13 ஆம் திகதி மாலை வேலை செய்துகொண்டிருந்த இயந்திரம் 15 ஆம் திகதி காலையிலும் வழமைபோல உயிர்பெற்று எழுந்தது. ஆனால், நானறிந்த கொழும்பு அலுவலகங்கள் சிலவற்றில் அதற்கு முன்பே அவற்றின் மரணச் சான்றிதழ் எழுதப்பட்டுக் கையொப்பமும் இடப்பட்டிருந்தது. அந்தக் கையொப்பத்தையே இங்கு எதிர்க்கிறேன்.

பேலியகொடையைப் புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் மீன் சந்தையின் பெயரால் அறிந்திருப்பார்கள். 2020 ஒக்டோபரின் 'பேலியகொடை கொத்தணி' என்ற சொல்லால் அறிந்தவர்களும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் ஊர். மீனுக்கும் மரக்கறிக்கும் அப்பால், கொழும்பு நகருக்குள் இடம் போதாத நிறுவனங்கள் தமது சாமான்களைக் குவித்து வைக்கும் களஞ்சியங்களும் அங்கு நிறைய உள்ளன. அத்தகைய களஞ்சியம் ஒன்றுக்கு அண்மையில் ஓர் அலுவலாகச் சென்றிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். சுவரோரமாக ஐம்பது, அறுபது கணினிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பழைய இரும்பு வாங்குபவருக்காகக் காத்திருக்கின்றனவாம். விலை, கிலோவுக்கு இவ்வளவு என்று.

அங்கு நின்ற கணினிப் பிரிவு இளைஞரிடம், "தம்பி, இவ்வளவும் பழுதா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. உண்மையில் பழுதானது நாலைந்துதான். மற்றதெல்லாம் ஒன் பண்ணினால் வேலை செய்யும். 'பாவனைக்கு உதவாதவை' என்று பட்டியல் போடச் சொன்னார்கள், போட்டேன்."

ஒரு கணினிக்குத் தன் சொந்தப் பணத்தில் புதிய வன்தட்டு வாங்கிப் பொருத்தி, அது எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்று மேலதிகாரிக்குக் காட்ட முயன்றதாகவும் அவர் சொன்னார். மேலதிகாரிக்குப் பார்க்க நேரமிருக்கவில்லை. புதிய கணினிகளுக்கான கேள்விப்பத்திரம் அதற்குள் கோரப்பட்டுவிட்டது.

இந்த 'உதவாதவை' என்ற சொல்லின் தொழில்நுட்பப் பொருள் என்ன? விண்டோஸ் 11 இயங்குவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் வகையாயின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017 இல். ஆகவே 2016 இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய கணினி, கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்குப் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் போதியதைவிட அதிக வலுவுடன் இருந்தும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. இவ்வாறு கழிக்கப்படக்கூடிய கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கலாமென்று கனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இல் மதிப்பிட்டது. அவற்றுள் எத்தனை நம் தீவில் என்று எந்த அமைச்சரும் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

டொலருக்கு வரிசையில் நின்ற நாடு இது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப் போடப்பட்டது. 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சேறாது நின்றன. அந்த நாட்களில் எந்த முகாமையாளரும் கணினி பழையது என்று முகம் சுளிக்கவில்லை. மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் வேலையை முடித்துத் தந்தால் போதுமென்றிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்த ஞாபகம் எங்கே போயிற்று?

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இன்னும் பழைய ஞாபகம் ஒன்று இருக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சமூகம் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். வறுமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாழ்வு எவருக்கும் மீண்டும் வேண்டாம். பழுதுபார்த்து ஒன்றை ஓடவைக்கும் அறிவு நம்மிடையே இருந்தது, இன்றும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கடைகளில் இருக்கிறது. அலுவலகங்கள் அதற்கு மதிப்புக் கொடுப்பதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

பாதுகாப்பைக் காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. அவர்களது வாதம் வலுவற்றதல்ல. பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினியை இணையத்தில் விடுவது ஆபத்துத்தான். 2017 மே மாதம் 'வனாக்ரை' என்ற தீநிரல் பிரித்தானிய அரச மருத்துவமனைகளை முடக்கியபோது, பழைய விண்டோஸ் எக்ஸ்பியே குற்றவாளியென்று முதலில் எல்லோரும் எழுதினார்கள். பின்னர் கணக்கெடுத்த கஸ்பர்ஸ்கி நிறுவனம், உலகளவில் பாதிக்கப்பட்டவற்றுள் 98 வீதத்துக்கும் மேல் விண்டோஸ் 7 என்று கண்டது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, நிறுவத்தான் எவருமில்லை. நமது கதையைப் பாருங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, தொலைந்தன. எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற காலாவதியான மென்பொருள் பாவனையில் இருந்தது உண்மை. ஆனால் அஞ்சல்கள் திரும்பி வராது போனதற்குக் காரணம், அந்த மூன்று மாத காலத்துக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இல்லாமல் இருந்ததே. பிரதி எடுப்பதற்குப் புதிய கணினி தேவையில்லை. பொறுப்பான ஒரு மனிதர் தேவை. அவருக்குச் சம்பளம் தேவை.

மாற்று வழி இல்லையா என்றால், இருக்கிறது. நிறுவனங்கள் பணம் செலுத்தினால் விண்டோஸ் 10 இற்கு மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசொஃப்ட்டே அறிவித்திருக்கிறது. பணம் செலுத்த விருப்பமில்லையாயின் லினக்ஸ் இருக்கிறது. கேரளத்தின் அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாக அதிலேயே பாடம் நடத்துகின்றன. நமக்கும் இது அந்நியமான துறையல்ல. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் சில வாரங்களுக்குள், காணாமற் போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதி உலகுக்குக் கொடுத்தவர்கள் இந்தக் கொழும்பின் தொண்டர்கள்தாம். அந்த நகரத்தின் கந்தோரில் கடிதம் தட்டச்சு செய்வதற்கு லினக்ஸ் 'கஷ்டம்' என்கிறார்கள்!

(கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். முன்னூறு ஆண்டுகளாக அதைப் பழையது என்று எவரும் கழிக்கவில்லை.)

காசையும் பாதுகாப்பையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. எனது தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்க.

1930 ஓகஸ்ட் 6 ஆம் திகதி வெளிவந்த வீரகேசரியின் முதல் இதழை, பிரதி கிடைத்தால், இன்று ஒரு பள்ளிச் சிறுமி எடுத்து வாசித்துவிடலாம். 1999 இல் கொழும்புப் பத்திரிகைக் கந்தோர் ஒன்றில் வடிவமைத்த பக்கத்தின் கோப்பை அவளால் திறக்கக்கூட முடியாது. அந்தப் பக்கங்கள் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. எழுத்துக்கள் பாமினியில் உள்ளன. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்த எழுத்துரு அது. பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். யூனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம் பெற்றுவிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் 2008 இல் தமிழுக்கான தராதரத்தை வெளியிட்டது. ஆயினும் பாமினியை விடாத அச்சகங்களை இன்றும் காண்கிறேன்.

அச்சிட்ட பத்திரிகைதான் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறதே, கோப்பு எதற்கு என்று கேட்கலாம். 1998 ஜூனிலும் பின்னர் 2000 மே மாதத்திலும் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கங்கள் அதிகாரியிடம் போய், வெட்டுப்பட்டுத் திரும்பும். வெட்டிய இடத்தில் வெள்ளை. வாசகர் மறுநாள் கண்டது அந்த வெள்ளையைத்தான். அந்தப் பந்திகள் சுவடிகள் திணைக்களத்தில் இல்லை. பக்க வடிவமைப்பாளரின் வன்தட்டில் இருந்தன. எந்த ஊரில் எத்தனை வீடுகள் எரிந்தன, யாருடைய பிள்ளை எந்தச் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டது என்று பிராந்திய நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தவை. நான் பணியாற்றிய கந்தோர் ஒன்றில் (அதன் பெயரையும் தவிர்க்கிறேன்) புதிய கணினிகள் வந்த வாரத்தில் அந்தப் பழைய பெட்டிகள் முழுவதும் லொறியில் ஏறின. வன்தட்டுகளைக் கழற்றி வைப்போம் என்று ஆசிரியபீடத்திலிருந்து நாங்கள் சிலர் எழுத்தில் கேட்டோம். 'களஞ்சியத்தில் இடமில்லை' என்பது பதில். ஒரு வன்தட்டு உள்ளங்கையில் அடங்கும்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அதை எரித்தவர்கள் வேறு யாரோ. இதை நாங்களே கிலோக் கணக்கில் விற்றோம், பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டு.

பாமினியை யூனிகோடாக மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பேஜ்மேக்கரைத் திறப்பதற்கு வலையமைப்பில் இணைக்காத ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி போதும். அலுவலகத்தின் மூலையில் அப்படி ஒன்றை வைத்திருப்பது வெட்கத்துக்குரியதல்ல. அமெரிக்காவின் அணு ஏவுகணைக் கட்டளை அமைப்பு 2019 வரை எட்டு அங்குல நெகிழ்தட்டுகளில் இயங்கியது. ஜப்பானிய அரசு தனது விதிமுறைகளிலிருந்து நெகிழ்தட்டை முற்றாக நீக்கியது 2024 இல். அவர்களுக்கு வசதியில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஓடுகின்றதை நிறுத்துவதற்கு முன்னர் அதில் என்ன இருக்கிறதென்று பார்க்க அவர்கள் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

நம் அலுவலகங்களில் அப்படிப் பார்க்கக்கூடிய மனிதர் கணினிப் பிரிவு இளைஞர்தான். அவருடைய நிலை என்ன? அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் இரவு ஒன்பது மணிக்கும் அழைப்பு வரும். எந்தக் கணினியில் என்ன கோப்பு இருக்கிறது, எந்த மின்வழங்கி எந்த மாதம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். கொள்வனவுக் கூட்டத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பில்லை. அங்கு விற்பனைப் பிரதிநிதி இருப்பார், கணக்காளர் இருப்பார், பணிப்பாளர் இருப்பார். புதிய திரைகளின் படம் முகநூலில் வரும். அதே மண்டபத்தில் கால் உடைந்த நாற்காலியில் தலையணை வைத்து அமர்ந்திருக்கும் தட்டச்சாளப் பெண்மணியின் முதுகுவலி எந்தப் பட்டியலிலும் வராது.

பேலியகொடைக்கு வருகிறேன். அங்கிருந்து லொறியில் ஏறியவை எங்கே போகின்றன? அனுமதி பெற்ற மீள்சுழற்சியாளரிடம் போனால் நல்லது. போகாவிட்டால் செம்புக்காக வயர்கள் எரிக்கப்படும். பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் உள்ள ஈயம் மண்ணில் சேரும். 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி தொன் என்றும் அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 வீதமே என்றும் ஐ.நா.வின் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. குப்பையை எங்கோ ஓரிடத்தில் கொட்டிவிட்டு மறப்பதன் விலை என்னவென்று 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் கண்டோம். 32 உயிர்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். கழிக்கும் பட்டியலை அந்தக் கணினிகளைப் பராமரித்தவரே எழுதட்டும். அவர் கையொப்பமின்றி ஒன்றும் வெளியேற வேண்டாம். ஓடக்கூடியவற்றில் லினக்ஸை நிறுவி, கணினி கண்டிராத மலையகப் பாடசாலைகளுக்குக் கொடுங்கள். வன்தட்டில் உள்ளதைப் பிரதி எடுத்த பின்னரே அழியுங்கள். அழிக்காமலும் அனுப்பாதீர்கள், அதில் ஊழியர்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இருக்கும்.

வெளிநாடுகளில் இதை வாசிப்பவர்களுள், தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பக்கம் வடிவமைத்தவர்கள் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். புறப்படும்போது இறுவட்டிலோ நெகிழ்தட்டிலோ எதையாவது எடுத்துச் சென்றிருப்பீர்கள். அலுமாரியைத் திறந்து தேடுங்கள். எழுதிய இறுவட்டுகள் இருபது ஆண்டுகளைத் தாண்டினால் நம்பத்தக்கவையல்ல; இந்த மாதமே பிரதி எடுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தைத் தொடர்புகொண்டு கையளிக்கலாம். கையளிக்கும்போது எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு கந்தோரும் பாமினிக்கு அப்பால் தனக்கென வேறு எழுத்துருக்களையும் வைத்திருந்தது. அவை இல்லாவிட்டால் உங்கள் தலைப்புகளை எவராலும் வாசிக்க முடியாது.