சனிக்கிழமைப் பால்வாடி

மாசி பிறந்துவிட்டால் பேளுக்குறிச்சி சனிக்கிழமைச் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியூர்களிலிருந்து வண்டி பிடித்து வந்து, வருசத்துக்கு வேண்டிய மளிகையை மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகு. இந்தச் சந்தையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். விற்பவர்களின் காலடியில் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்கள்தான் குறைவு.

அண்மையில் ஒரு மல்லிக் கடையில் நின்றேன். கடையென்றால் நாலு மூங்கில், மேலே தார்ப்பாய். பின்பக்க மூங்கில் இரண்டுக்கும் நடுவே பழைய சேலையில் ஒரு தூளி. இரண்டு கையாலும் முறத்தைப் புடைத்துக்கொண்டே, கால் பெருவிரலில் கட்டிய கயிற்றால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். தூசி எழும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு தும்மல்.

“வீட்ல பாத்துக்க ஆளில்லையாம்மா?”

“எங்கம்மா பாத்துக்குமுங்க. ஆனா அதும் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போவுது. கைப்புள்ளைய பால்வாடில சேத்துக்க மாட்டாங்க” என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாயி இருக்கிறாள், அவளுக்குச் செலவில்லை என்ற கணக்கில்தான் நம் ஊர்களில் பிள்ளை வளர்ப்பு ஓடுகிறது. அம்மாயிக்கும் கூலி வேலை உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை. நாமக்கல் பக்கம் பண்ணையில் முட்டை பொறுக்கவும், காட்டில் கிழங்கு பிடுங்கவும் போகிறவர்களில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவளும் வேலைக்குப் போய்விட்டால், ஏழாவது படிக்கிற அக்கா பள்ளிக்கூடம் போகாமல் நின்றுகொள்வாள். டீச்சர் கேட்டால் வயிற்று வலி.

பால்வாடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1972-இல் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் பற்றி ஆராய்ந்த மத்திய அரசின் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மீனா சுவாமிநாதன். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள், எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. அந்த அறிக்கையின் வழியில்தான் 1975 அக்டோபர் 2 அன்று அங்கன்வாடித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். பிள்ளையின் வயிற்றை நினைத்துக் கட்டிய ஏற்பாடு அது, அந்த வேலையை நன்றாகவே செய்தது. தாயின் வேலை நேரத்தை நினைத்துக் கட்டியதல்ல. மதியச் சோறும் தூக்கமும் முடிந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அம்மா பொழுது சாய்ந்துதான் வருவாள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் சத்துமாவுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம், விட்டுவிட்டுப் போக முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் பிள்ளைக்கு அறை வேண்டும் என்றது தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேர் உள்ள நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது 2017-இன் மகப்பேறு சட்டத் திருத்தம். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மல்லி விற்பவளுக்கு முதலாளி யார்? நான் படித்தவற்றில் மனதுக்குப் பிடித்த விதி நூறு நாள் வேலைச் சட்டத்தில் இருந்தது: வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து, மண் வெட்டுகிறவளுக்குத் தரும் அதே கூலியைத் தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அப்படி ஒரு பெண்ணை வைத்த வேலையிடம்தான் அபூர்வம்.

மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாதம் இருபது ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. பணம் அங்கே சிக்கலே இல்லை, காப்பகம் இருந்தால்தானே! 2017-இல் செலவைப் பங்கிடும் முறை மாறியதும் பல இடங்களில் பூட்டுத் தொங்கியது. 2022-இல் அதே திட்டம் ‘பால்னா’ என்ற பெயரில் திரும்ப வந்தது. அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்தலாம், ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம், நாளுக்கு ஏழரை மணி நேரம். கர்நாடகம் 2023-இலிருந்து ‘கூசின மனே’ என்று ஊராட்சிகளில் பிள்ளை வீடு திறக்கிறது. நம் அரசோ பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து விட்டது, மலைப்பாதைக்கும் அதை நீட்டித்தது. பஸ் ஏறுகிறவளின் இடுப்புப் பிள்ளை எங்கே இறங்குவது என்பதை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

பால்வாடி நேரத்தை நீட்டு என்று சொல்லி, இருக்கிற டீச்சர் தலையிலும் ஆயா தலையிலும் கட்டிவிடக் கூடாது. பதிவேடு, செல்போன் செயலி, எடை, வாக்காளர் பட்டியல் என்று அவர்களுக்கு ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லை. தனியாக ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். பணம் எங்கே என்பார்கள். வாரச்சந்தையில் கடை போடுகிறவர்களிடம் சுங்கம் வசூலிக்கும் வழக்கம் உண்டல்லவா? அதில் ஒரு பங்கைக் கேட்பதில் என்ன தப்பு? தூளி கட்டியவளும் சேர்ந்து கொடுத்த காசுதானே அது.

மே 1 அன்று கிராம சபை கூடும். அங்கே தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கலாம்: சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை, இரண்டு பெண்களுக்கு முழுக்கூலி, சனிக்கிழமை வெள்ளென திறந்து சந்தை கலையும் வரை. கைப்பிள்ளைகளையும் சேர்த்து.